டிம்பர்மேன் லைனில் ஒரு ஷெட்

டிம்பர்மேன் லைன்,
மைசூர் மைன்ஸ், கோலார் தங்கவயல்.
3-7-2024

அன்புத் தம்பி ஹரோல்டுக்கு,

அக்கா வினோலியா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் ஆஷ்லியும் சுகம். உன் சுகத்தையும் சுகந்தி சுகத்தையும் எழுது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னேனே, தேய்த்தாயா? இல்லை, அதற்கும் ஏதாவது விதிப் புத்தகத்தைப் புரட்ட வேண்டுமா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். எனக்கு வலது காது முழுக்கப் போய்விட்டது. போனில் பேசினால் கத்துகிறேனாம். நான் கத்தினால் லைன் முழுக்கக் கேட்கும். பார்வதம்மா வீட்டுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர்தானே, அவள் மிளகாய் தாளித்தால் நான் தும்முகிறேன். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் போன் எந்நேரமும் ஆஷ்லி கையில். கடிதத்தில்தான் ஒரு நிம்மதி. அவள் பெங்களூருக்கு வேலைக்கு ரயிலேறிப் போன பிறகுதான் தபால்காரர் வருகிறார்.

ஆஷ்லிக்கு இடம் அமைந்ததை முன்பே சொன்னேன். பையன் ரூபேஷ், பங்காருபேட்டைக்காரன், நல்ல மாதிரி. ஜனவரியில் கல்யாணம். பையனின் அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாங்க காலம் பூரா வாடகை வூட்லயே கெடந்தோம்மா. உங்களுக்கு சொந்தமா ஒரு கூரை கீது பாருங்க, அதான் வேணும்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா முப்பது வருஷம் சுரங்கத்தில் இறங்கி ஏறியதற்கு மிச்சம் இந்தக் கூரைதானே.

இப்போது விஷயம். பின்னால் ஒரு சின்ன ஷெட் போடலாம் என்று இருக்கிறேன். கல்யாணத்துக்கு விறகு, அண்டா, குண்டா எல்லாம் வைக்க. அஸ்திவாரம் ஒன்றும் வேண்டாம். ஓரத்தில் நாலு கம்பம், மேலே தகரம், தரையில் கனத்த மரக்கட்டைகளை நெருக்கமாகப் பரப்பிவிட்டால் போதும். நீ பிளான் வரைகிற ஆள். எவ்வளவு கனமான கட்டை போட்டால் எவ்வளவு பாரம் தாங்கும் என்று மட்டும் எழுது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. துணியை இப்போது முன்வாசலில் கட்டிய கயிற்றில்தான் காய வைக்கிறேன், அரை மணியில் காய்ந்துவிடுகிறது.

பதிலைத் தாமதம் பண்ணாதே. கர்த்தர் உங்களைக் காப்பாராக.

அக்கா,
வினோலியா

*

பெரம்பூர், சென்னை.
12-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஹரோல்ட் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். எண்ணெய் தேய்க்கிறேன். உன் கேலி மட்டும் காது போனாலும் குறையவில்லை என்பதில் மகிழ்ச்சி.

ஷெட் விஷயம். அக்கா, நாலு கம்பமும் தகரமும் என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். நிரந்தரமாக நிற்கப்போகிற எதுவாக இருந்தாலும் நகரசபையின் அனுமதி வேண்டும். பின்சுவரிலிருந்து இவ்வளவு தூரம் விட வேண்டும், பக்கத்து வீட்டுப் பக்கம் இவ்வளவு விட வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. நமக்கும் பார்வதம்மாவுக்கும் பின்பக்கம் பொது, நடுவில் வேலிகூடக் கிடையாது. நாளைக்கு அவர்கள் ஆட்சேபித்தால்? அதைவிடப் பெரிய விஷயம், வீடு இன்னும் அப்பா பெயரில் கம்பெனி கொடுத்த அலாட்மென்ட் தாளில்தான் நிற்கிறது. பத்திரம் வருகிற நேரத்தில் அனுமதி இல்லாத கட்டடம் ஒன்று பின்னால் இருந்தால், அதைக் காட்டியே நிறுத்தி வைக்கலாம். ஒரு ஷெட்டுக்காக வீட்டையே பணயம் வைப்பதா?

இன்னொன்று புரியவில்லை. விறகு வைக்கிற ஷெட்டுக்கு மரத் தரை யாராவது போடுவார்களா? கரையான் அரித்துவிடும். மண் தரையே போதுமே.

நீ கவலைப்படாதே. நானே பிளான் வரைகிறேன். பின்வாசல்படியிலிருந்து கடைசி வரைக்கும் நீளம், அகலம் இரண்டையும் டேப் வைத்து அளந்து அனுப்பு. மற்றதை என்னிடம் விடு.

ஆஷ்லிக்கு மாமாவின் முத்தங்கள். சுகந்தி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புத் தம்பி,
ஹரோல்ட்

*

பெரம்பூர்.
24-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், உன் சுகம் அறிய ஆசை. அளவு இன்னும் வரவில்லை. உனக்கு வேலை அதிகம் என்று தெரியும், அதனால் நானே ஒரு காரியம் செய்துவிட்டேன். வீட்டு அலாட்மென்ட் தாளின் நகலும் வரி ரசீதும் என்னிடம் இருந்தன. பின்பக்கம் எனக்குத் தெரியாததா, அங்கேதானே கோலி ஆடினேன். நினைவிலிருந்தே அளவு போட்டுப் பிளான் வரைந்து, நேற்று இன்டர்நெட்டில் விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். மனை உறுதியான மண், கட்டத் தகுந்தது என்று பிளான் வரைந்தவர் எழுதித் தர வேண்டும். அதையும் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இனி ஒரு நாள் நகரசபை இன்ஜினீயர் வந்து இடத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டால் அனுமதி. எல்லாம் முறைப்படி. அக்காவுக்கு என்னால் ஆன கல்யாணச் சீர் என்று வைத்துக்கொள்.

தம்பி,
ஹரோல்ட்

*

தங்கவயல்.
25-7-2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் கிடைத்தது. நான் கேட்டது கட்டையின் கனம், நீ அனுப்பியது ஒரு பாடப் புத்தகம். கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததை எல்லாம் சொல்வது சின்ன வயதிலிருந்தே உனக்குப் பழக்கம்.

அளவு எடுக்க எனக்கு இப்போது நேரமில்லை. பின்பக்கம் நான் அவ்வளவாகப் போவதும் இல்லை. கோழிகளை விற்றுவிட்டேன். நடுவில் செடி வைக்கலாம் என்று மண் கொட்டினேன், சுரங்கக் கழிவு கொட்டிய டம்ப் மேட்டிலிருந்து எடுக்கிற அந்த வெள்ளை மண்தான். மூன்று டிராக்டர் ஆகியும் போதவில்லை.

பார்வதம்மா ஒருத்தி. நாள் தவறாமல் துணிக் கூடையோடு பின்னால் வந்து நிற்கிறாள். பாம்பு இருக்கிறது, வராதே என்றேன். "இன்னா வினோலியா, பாம்புக்கு பயந்தா இந்த ஊர்ல குடித்தனம் பண்ண முடியுமா? உங்கப்பா சாரைப்பாம்ப வாலப் புடிச்சி தூக்கினு போவாரே" என்று சிரிக்கிறாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. அவள் வீட்டுக்காரர் ராஜப்பா அண்ணன் படுத்த படுக்கையாகிவிட்டார், நெஞ்சில் சளி. அவருடைய துணியே ஒரு நாளைக்கு ஒரு கூடை வருகிறது, பாவம்.

சுவரில் அங்கங்கே காலண்டர் தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து ஆஷ்லி, "வீட்டைப் பள்ளிக்கூடம் ஆக்கிட்டியாம்மா" என்கிறாள்.

இதற்கு முக்கியமாகப் பதில் எழுது. நகரசபைக்கு மட்டும் எதுவும் எழுதாதே. எந்த ஆபீசரும் இங்கே வர வேண்டாம். கல்யாண வீட்டில் வீண் நடமாட்டம் எதற்கு?

அக்கா,
வினோலியா

*

தங்கவயல்.
30-7-2024

ஹரோல்ட்,

யாரைக் கேட்டு எழுதினாய்? சீராம் சீர். அதைத் திருப்பி வாங்கு. இன்றைக்கே வாங்கு. ஷெட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று எழுதிவிடு.

சுகம்.

வினோலியா

*

பெரம்பூர்.
9-8-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் இரண்டு நாள் இடைவெளியில் வந்தன. நீ என் பேரை மட்டும் எழுதிக் கடிதம் ஆரம்பித்தது இதுதான் முதல் தடவை. நான் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டபோதுகூட நீ "தம்பி" என்றுதான் கூப்பிட்டுவிட்டு அடித்தாய்.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் காரணம் எழுத வேண்டும். என்ன காரணம் எழுதட்டும், அக்கா?

நேற்று உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். விறகுக்கு மரத் தரை. எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கேள்வி. செடிக்கு மூன்று டிராக்டர் மண், அதுவும் போதவில்லை. டம்ப் மண்ணில் புல்கூட முளைக்காது என்று தங்கவயலில் பிறந்த யாருக்கும் தெரியும், நீ அதில் என்ன செடி வைப்பாய்? கோழி விற்றாகிவிட்டது. இல்லாத பாம்பு ஒன்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் காலண்டர் தாள்.

அப்பா டிம்பர்மேன். பாறை விரிசல் விட்டால் முட்டுக் கொடுப்பதுதான் அவர் வேலை. சமையலறைச் சுவரில் கீறல் விழுந்தால் சோற்றுப் பசை வைத்துக் குறுக்கே காகிதம் ஒட்டுவார். காகிதம் முழுசாக இருந்தால் சுவர் நிற்கிறது, கிழிந்தால் நகர்கிறது. நீ தாளை எதற்கு ஒட்டினாய் என்று ஆஷ்லிக்குப் புரியாது. எனக்குப் புரியாதா?

பின்பக்கம் என்ன ஆயிற்று? எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே எழுது.

தம்பி,
ஹரோல்ட்

*

பெரம்பூர்.
2-9-2024

அக்கா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. போன் செய்தேன். "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். பக்கத்தில் பார்வதம்மா இருந்தாளா, ஆஷ்லி இருந்தாளா? விண்ணப்பத்தை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை. உண்மை தெரியாமல் எந்தக் காகிதத்திலும் இனிமேல் கையெழுத்துப் போடமாட்டேன்.

ஹரோல்ட்

*

தங்கவயல்.
19-9-2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, தூக்கம்தான் இல்லை. கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாளில் ஒரு காலை எழுந்து பின்னால் போனேன். துணி துவைக்கிற கல்லைக் காணவில்லை. யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று முதலில் நினைத்தேன், அவ்வளவு பெரிய கல்லை எவன் தூக்குவான்? கிட்டே போனால், கல் இருந்த இடத்தில் பானை வாய் அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ளே ஒரு ஜல்லியைப் போட்டேன். விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. என் காதுதான் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். இந்த வீடுகள் வருவதற்கும் முந்தி யாரோ தங்கத்துக்காகத் தோண்டிவிட்டு மூடிய குழியாக இருக்க வேண்டும்.

மண் கொட்டினேன். நிறைந்தது. அடுத்த மழையில் இறங்கிவிட்டது. மறுபடியும் கொட்டினேன். டம்ப் மண் மாவு மாதிரி, தண்ணீர் பட்டால் ஓடிவிடும் என்று தெரிந்தும் அதுதானே எனக்குக் கிடைத்தது. இப்போது வாய் ஒரு கட்டில் அளவு இருக்கிறது. மேலே நாலு ரயில் ஸ்லீப்பர் கட்டைகளைப் போட்டு, தகரம் பரப்பி, கல்யாணத்துக்கு என்று சேர்த்த அண்டாக்களை ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறேன். ஷெட் வந்துவிட்டால் கதவைப் பூட்டிவிடலாம். யாரும் பார்க்கமாட்டார்கள். அதற்குத்தான் ஷெட்.

உன் புண்ணியத்தில் போன வாரம் இன்ஜினீயரும் வந்தாள். மமதா என்று பேர், சின்னப் பெண், கன்னடத்துப் பெண். நல்லபடியாகப் பேசினாள். "ஷெட் எங்கே வரும் ஆன்ட்டி?" என்று டேப்பை இழுத்துக்கொண்டு நேரே போய் அந்தத் தகரத்தின் மேலேயே ஏறி நின்றாள். அவள் காலால் தட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, கீழே காலியா இருக்கே?" என்றாள். "பழைய தண்ணித் தொட்டி கண்ணு, அப்பா காலத்துது. வா, வெயில்ல நிக்காத, ஒரு வாய் காபி குடி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் கை ஈரமாக இருந்ததைப் பார்த்துத் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

நேற்று அனுமதி வந்துவிட்டது. "பழைய தொட்டியை மூடிய பின் கட்டவும்" என்று ஒரு வரி. உன் பிளான், உன் கையெழுத்து, மண் உறுதியானது என்கிற உன் வாக்கு, எல்லாம் அதில் இருக்கிறது.

திட்டாதே. வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. வீட்டில் இருக்கக் கூடாது, காலி பண்ணு என்பார்கள். அலாட்மென்ட் தாளை வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் நிற்பேன்? சொந்தக் கூரை என்று கேட்டு வந்த சம்பந்தம் நிற்குமா? ஜனவரி வரைக்கும் தாங்கினால் போதும். அதற்குப் பிறகு நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

சுவரில் ஒட்டிய தாள் இன்னும் கிழியவில்லை.

உன் அக்கா,
வினோலியா

*

பெரம்பூர்.
28-9-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கை வரவில்லை. உன் மேல் கோபம், அதைவிட என் மேல் கோபம். பார்க்காத மண்ணுக்கு வாக்குக் கொடுத்தேன். விதி விதி என்று உன்னிடம் பாடம் நடத்திவிட்டு, எல்லா விதிக்கும் முதல் விதியான இடத்தைப் போய்ப் பார்ப்பதை நான் செய்யவில்லை. அந்தப் பெண் என் காகிதத்தை நம்பித்தான் அந்தத் தகரத்தின் மேல் ஏறி நின்றாள்.

நீ ஜனவரி ஜனவரி என்கிறாய். இனிமேல்தான் மழை, அக்கா.

உன் வீடு, உன் பெண், உன் சம்பந்தம், எல்லாம் எழுதினாய். அந்தக் குழிக்கு வேலி கிடையாது. அது எந்தப் பக்கம் வாயைத் திறக்கும் என்று உனக்குத் தெரியுமா? சுவருக்கு அந்தப் பக்கம் ராஜப்பா அண்ணன் எழுந்து நடக்க முடியாமல் படுத்திருக்கிறார். இந்தக் கடிதத்தில் அவர்களைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

அப்பா என்ன செய்வார் என்று நினைத்துப் பார். சுரங்கத்தில் ஒரு லெவலில் மண் ஓடுகிறது என்று தெரிந்தால், பார்த்தவன் முதலில் சத்தம் போட வேண்டும், பிறகு வழியில் இரண்டு கட்டையைக் குறுக்காக அடிக்க வேண்டும். மேஸ்திரியைத் தேடிக்கொண்டு போகக் கூடாது, ஷிப்ட் முடியட்டும் என்று இருக்கக் கூடாது. கட்டை குறுக்கே கிடந்தால் மேனேஜரே வந்தாலும் தாண்டமாட்டார். "கட்டை போடாம வந்தவன் கூட நான் ஒரே கேஜுல ஏறமாட்டேன்" என்று, ஆளை மேலே ஏற்றுகிற இரும்புக் கூண்டை வைத்து அப்பா சொல்வாரே. எந்தக் கோபத்திலும் அவர் அதைவிடப் பெரிய வசவு சொல்லிக் கேட்டதில்லை.

கவரில் இன்னொரு கடிதம் இருக்கிறது. நகரசபைக்கு. நான் கொடுத்த வாக்கு தவறு, பின்பக்கம் பள்ளம் இருக்கிறது, இரண்டு வீட்டையும் வந்து பாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். ஸ்டாம்பும் ஒட்டியிருக்கிறேன். இங்கேயே போஸ்ட் பண்ணலாம். ஆனால் உனக்குத் தெரியாமல் ஒருமுறை எழுதி இந்த நிலைக்குக் கொண்டுவந்தேன், இன்னொருமுறை அதைச் செய்யமாட்டேன். நீ உன் கையால் பெட்டியில் போடு. வீடு போனால் போகட்டும். பெரம்பூரில் இரண்டு அறை இருக்கிறது, ஒன்று உனக்கு. நீ இல்லாமல் நான் ஏது?

கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி,
ஹரோல்ட்

*

தங்கவயல்.
8-10-2024

அன்புத் தம்பிக்கு,

கடிதமும் உள்ளே இருந்த கடிதமும் கிடைத்தன. போஸ்ட் பண்ணவில்லை. பின்னறை அலமாரியில் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கிறது, அதில் இந்த வீட்டு விலாசம்.

தாள் கிழியவில்லை. தினம் மூன்று வேளை பார்க்கிறேன்.

இரண்டு நாளாகத் தூறல்.

வினோலியா

*

சர்ச் ஹால்,
மைசூர் மைன்ஸ், தங்கவயல்.
23-10-2024

அன்புத் தம்பி ஹரோல்டுக்கு,

விலாசத்தைப் பார்த்ததும் பதறாதே. எல்லோரும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆஷ்லி போனில் பாதி சொல்லியிருப்பாள், மீதியை நான் எழுதுகிறேன்.

போன வாரம் நாலு நாள் மழை பெய்து வெள்ளிக்கிழமை காலைதான் வெயில் எட்டிப் பார்த்தது. ஆஷ்லி ரயிலுக்குப் போய்விட்டாள். நான் அடுப்படிக்குப் போனேன். முதல் தாள் நடுவில் சுத்தமாகக் கிழிந்திருந்தது. இரண்டாவதும். மூன்றாவது என் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தது, தம்பி. பின்வாசல் வழியாகப் பார்த்தால் ஸ்லீப்பர் கட்டைகள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. அவற்றுக்கு அந்தப் புறம், தன் கயிற்றடியில், பார்வதம்மா. நாலு நாள் துணியையும் கூடையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தாள்.

அந்த நொடியில் வீடு, பத்திரிகை, சம்பந்தம் ஒன்றும் எனக்கு நினைவில்லை. நினைத்துப் பார்த்துச் சொன்னேன் என்று பொய் சொல்லமாட்டேன். வாய் தானாகத் திறந்தது. "பார்வதம்மா, வெளிய ஓடு! மண்ணு ஓடுது! மண்ணு ஓடுது!" நான் பேசினாலே கத்தல் என்பார்கள், கத்தினால் கேட்கவா வேண்டும். பார்வதம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள், லைன் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

ஓடிப்போய் விறகுக் குவியலிலிருந்து இரண்டு கட்டையை இழுத்து நம் முன்வாசலில் குறுக்காகச் சாத்தினேன். இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டு பார்வதம்மா வாசலுக்குப் போனேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சுரங்கத்தை மூடி இத்தனை வருஷமாகிறது, அந்தக் கட்டையைப் பார்த்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நம் லைன் பையன் எல்வினும் அவன் அண்ணனும் நான் கட்டை வைப்பதற்குள் உள்ளே பாய்ந்து ராஜப்பா அண்ணனைக் கட்டிலோடு தூக்கினார்கள். ரூபேஷ் அன்றைக்குத்தான் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்ட வந்திருந்தான். பத்திரிகையை வாயில் கவ்விக்கொண்டு கட்டிலின் ஒரு காலை அவன்தான் பிடித்தான்.

மத்தியானம் வீடு சரிந்துவிட்டது. மற்றவர்களுக்குப் பெரிய சத்தம் கேட்டதாம். எனக்குக் காலில்தான் தெரிந்தது. நம் அடுப்படி, பின்னறை, பார்வதம்மாவின் அடுப்படி, ராஜப்பா அண்ணன் படுத்திருந்த இடம், எல்லாம் உள்ளே. முன்சுவர் மட்டும் கட்டை சாத்தினபடி நிற்கிறது. நீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிய கடிதமும் பைபிளோடு கீழே போய்விட்டது. அப்பா கையில் கிடைத்தால் என்ன சொல்வாரோ.

மாலையில் மமதா வந்தாள். ஜீப்பிலிருந்து இறங்கும் முன்பே நான் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தொட்டி இல்லை, குழி, எனக்குத் தெரியும், கையெழுத்துப் போட்டபோது என் தம்பிக்குத் தெரியாது என்று. உன்னைக் காப்பாற்றச் சொல்லவில்லை, அதுதான் உண்மை. அவள் திட்டவில்லை. "ஆன்ட்டி, அன்னிக்கு நான் எங்க நின்னேன்?" என்று கேட்டாள். கையை நீட்டிக் காட்டினேன். நான் காட்டிய இடத்தில் மண்ணே இல்லை. அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். பிறகு கயிறு கட்டச் சொன்னாள், லைனின் மீதி வீடுகளையும் காலி பண்ணச் சொன்னாள். எல்லோரையும் இந்த ஹாலுக்கு அவள்தான் அனுப்பி வைத்தாள். உன் கையெழுத்தைப் பற்றி உன்னிடம் விளக்கம் கேட்பார்களாம். நடந்ததை அப்படியே எழுது.

ரூபேஷ் தினம் வருகிறான். அவன் அம்மாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஆஷ்லி என்னோடு பேசுவதில்லை, காலை ரயிலுக்குப் போகிறாள், வருகிறாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். அவள் கோபம் நியாயம். அவளுக்குக்கூடச் சொல்லாமல் அந்த அடுப்படியில் அவளைச் சமைக்க விட்டேனே.

பார்வதம்மாவைப் பற்றி எழுத வேண்டும். எழுதாமல் முடிக்கலாம் என்று இரண்டு தடவை பேனாவை மூடினேன். நீ மறுபடியும் "அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை" என்பாய்.

முதல் இரண்டு நாள் அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன் தொண்டதான் எங்க வூட்டுக்காரர காப்பாத்துச்சி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், நான் மமதாவிடம் சொன்னது லைனில் பரவிவிட்டது. பார்வதம்மா வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. என் நல்ல காதுப் பக்கமாகக் குனிந்து கேட்டாள்.

"எப்பத்துலருந்து தெரியும் உனக்கு?"

"லெந்து நாள்லருந்து."

அவள் விரல் விட்டு மாதத்தை எண்ணினாள். பிறகு சொன்னாள்: "அதான் நீ மட்டும் துணிய முன்னால காய வெச்சியா?"

நீ என் கடிதங்களை வரிசையாக வைத்து எல்லாம் கண்டுபிடித்தாய். கட்டை, மண், கோழி, பாம்பு, காலண்டர் தாள். முன்வாசல் கயிற்றை நீ பார்க்கவில்லை. நானே முதல் கடிதத்தில் எழுதியிருக்கிறேன், வெயில் நன்றாக இருக்கிறது என்று. எழுதும்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. அவள் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

அவள் எழுந்துபோய் ஹாலின் அந்தக் கோடியில், ராஜப்பா அண்ணன் கட்டிலண்டை உட்கார்ந்துகொண்டாள்.

நீ வருவதாக ஆஷ்லி சொன்னாள். வா. வரும்போது எனக்கு இரண்டு புடவை, ஆஷ்லிக்கு ஏதாவது, ராஜப்பா அண்ணனுக்கு நாலு பழைய வேட்டி கொண்டு வா. அதை நான் வாங்கித் தந்ததாகச் சொல்ல வேண்டாம்.

இந்த ஹாலுக்குப் பின்னால் ஒரே ஒரு கயிறுதான் கட்டியிருக்கிறார்கள். அவள் துணி காய்ந்து எடுத்துப் போகிற வரைக்கும் நான் என் துணியை நனைப்பதில்லை.

வந்து சேர். ஆண்டவர் துணை.

உன் அக்கா,
வினோலியா